ஐந்து வாட் போதும்



ஹாம் லைசென்ஸ் கைக்கு வந்ததும் இன்றைய இளைஞர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ரிக் வாங்கலாம் சார்?" என்பதுதான். எந்த ரிக் கட்டலாம் என்று கேட்பவர்கள் அரிதாகிவிட்டார்கள். நூறு வாட் வேண்டும், வண்ணத் திரை வேண்டும், திரையில் வாட்டர்ஃபால் ஓட வேண்டும். விலை ஒரு லட்சத்தைத் தாண்டினாலும் பரவாயில்லை. அப்படி வாங்கிய பெட்டியின் மேல்மூடியில் உள்ள ஒரு ஸ்க்ரூவைக்கூட அவர்கள் கழற்றுவதில்லை. கழற்றினால் வாரண்டி போய்விடும். எனக்கு இதில் பொறுமை கிடையாது. அதனால்தான் இன்றைக்கு இந்த மைக்கின் முன்னால் உட்கார ஒப்புக்கொண்டேன்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன, அழைப்புக்குறி எப்படிக் கிடைக்கும், மோர்ஸ் எப்படிக் கற்பது என்பதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்ததே. அதற்குள் நான் போகவில்லை. குறைந்த சக்தியில் இயங்கும் ரேடியோவைப் பற்றி, நம் ஹாம்கள் க்யூ.ஆர்.பி. என்று சொல்வதைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். மோர்ஸ் என்றால் ஐந்து வாட், குரல் என்றால் உச்சத்தில் பத்து வாட். இதுதான் உலகம் முழுக்க க்யூ.ஆர்.பி.க்காரர்கள் தங்களுக்கு வகுத்துக்கொண்ட எல்லை. நான் குரலுக்கும் ஐந்து வாட்டோடு நிறுத்திக்கொள்கிற கட்சி.

ஐந்து வாட் எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். நூறு வாட்டுக்கும் ஐந்து வாட்டுக்கும் இருபது மடங்கு வித்தியாசம். கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனால் காதும் ரிசீவரும் மடங்கில் கேட்பதில்லை, டெசிபலில் கேட்கின்றன. இருபது மடங்கு என்பது 13 டெசிபல். சிக்னல் மீட்டரில் ஒரு எஸ் அளவுக்கு 6 டெசிபல். ஆக, நூறு வாட்டை ஐந்து வாட்டாகக் குறைத்தால் எதிர்முனையில் மீட்டர் முள் இரண்டு எஸ், அதற்குச் சற்றே அதிகமாக இறங்கும். அவ்வளவுதான். மறுபடி சொல்கிறேன்: இரண்டு எஸ், சற்றே அதிகம். எஸ்-9ல் கேட்டவர் எஸ்-7க்குக் கொஞ்சம் கீழே கேட்பார். எஸ்-7 என்பது சௌகரியமாகப் பேசக்கூடிய சிக்னல்.

அந்த இரண்டு எஸ்ஸை வாங்கத்தான் லட்ச ரூபாய் செலவு. அதே இரண்டு எஸ்ஸை ஆன்டெனாவைச் சரியாகக் கட்டி, உயரத்தில் ஏற்றி, பெரும்பாலும் எட்டிப் பிடித்துவிடலாம். கம்பிக்கு என்ன விலை?

நான் குடியிருந்த தில்லி சரோஜினி நகரைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பழைய அரசுக் குடியிருப்புகள் நினைவிருக்கும். விநய் நகர் என்ற பழைய பெயரிலேயே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்கள் எங்கள் பிளாக்கிலேயே இருந்தார்கள். உயரம் குறைந்த கட்டடங்கள், எல்லோருக்கும் பொதுவான மொட்டை மாடி, கூப்பிடு தூரத்தில் பிள்ளையார் கோயில். அந்த மொட்டை மாடியில் ஒரு மூங்கில் கழியை நட்டு, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சரிவாக இறங்கும் டைபோல் ஒன்று கட்டியிருந்தேன். நாற்பது மீட்டர் பேண்டுக்கு மொத்தம் ஏறக்குறைய 20 மீட்டர் கம்பி, ஒரு கைக்குப் பத்து மீட்டர். கீழே இறங்கும் கேபிள், கேபிள் டிவிக்காரர்கள் போடும் அதே 75 ஓம் கேபிள். டைபோலின் நடுவில் இருக்கும் மின்தடைக்கு அது நன்றாகவே பொருந்தும்.

ஒரு நாள் காலையில் எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு, திடீரென்று ஏறிவிட்டது. நேற்றுவரை சரியாக இருந்த ஆன்டெனா. கேபிளைப் பார்த்தேன், இணைப்புகளைப் பார்த்தேன், எல்லாம் சரி. மாடிக்குப் போனால், ஆன்டெனாவின் ஒரு முனையை இழுத்துக் கட்டிய நைலான் கயிற்றில் மேல் வீட்டு மாமி தன் ஒன்பது கஜத்தை உலர்த்தியிருந்தார். ஈரப் புடவை கம்பியின் நுனியை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. டைபோலின் நுனியில் மின்னழுத்தம் மிக அதிகம். பக்கத்தில் ஈரமாக எது இருந்தாலும் ஆன்டெனா தன் நீளம் கூடிவிட்டதாகவே நடந்துகொள்ளும், ஒத்ததிர்வு கீழே இறங்கிவிடும். "கயிறு சும்மாதானே இருக்குன்னு போட்டேன், எடுத்துடட்டுமா?" என்றார் மாமி. "வேண்டாம் மாமி, காயட்டும்" என்று சொல்லிவிட்டு, புடவை காயக் காய எஸ்.டபிள்யூ.ஆர். இறங்குவதை மீட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆன்டெனாவின் நுனி எப்படி வேலை செய்கிறது என்று எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இனி நான் சொல்ல வந்த மனிதருக்கு வருகிறேன். இந்தியாவில் க்யூ.ஆர்.பி. பற்றிப் பேசினால் அவரைத்தான் பேச வேண்டும் என்பது என் கருத்து. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான், அழைப்புக்குறி வி.யு.2.ஈ.எஸ்.ஈ. 2000களின் தொடக்கத்தில் அவர் ஒரு சர்க்யூட்டை வரைந்து, யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். பெயர் பிட்எக்ஸ். 14 மெகாஹெர்ட்ஸில், அதாவது இருபது மீட்டர் பேண்டில், ஆறு வாட் குரல் அனுப்பும் டிரான்ஸீவர்.

அதற்கு முன்னால் நிலைமை என்ன? வெளிநாட்டுப் பத்திரிகைகளில் அருமையான சர்க்யூட்டுகள் வரும். படித்துவிட்டு ஏங்கலாம். அவர்கள் கேட்கிற டோராய்டு என்ற வளையக் கரு இங்கே கிடைக்காது, ஐ.சி. கிடைக்காது. செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் "அது வராது பாபுஜி" என்ற ஒரே பதில்தான். ஃபர்ஹான் இந்தக் கடைகளில் என்ன கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்கினார். ஆசிலேட்டர் சுருளுக்கு டோராய்டு இல்லையா? தண்ணீர்க் குழாயின் வாஷரில் கம்பியைச் சுற்று என்றார். டிரான்ஸ்ஃபார்மருக்கு ஃபெரைட் இல்லையா? டிவி ஆன்டெனாவில் வருகிற பேலன் ஃபெரைட்டை எடுத்துக்கொள். குழாய் வாஷரில் சுற்றிய சுருளோடு ஒரு டிரான்ஸீவர் கண்டம் விட்டுக் கண்டம் பேசுகிறது என்றால், அந்தச் சர்க்யூட்டை வரைந்தவரைப் பற்றி நான் நீட்டிப் பேசுவதில் தவறில்லை.

அந்தச் சர்க்யூட்டின் அழகு எங்கே இருக்கிறது? சாதாரண டிரான்ஸீவரில் கேட்பதற்கு ஒரு பாதை, பேசுவதற்கு ஒரு பாதை. பாகங்கள் இரட்டிப்பு. பிட்எக்ஸில் ஒரே பாதை. ஒரே படிக்கட்டில் ஏறவும் இறங்கவும் செய்கிற மாதிரி, ஆன்டெனாவிலிருந்து வரும் சிக்னல் எந்த மிக்சர், எந்த ஃபில்டர் வழியாக உள்ளே போகிறதோ, அதே மிக்சர், அதே ஃபில்டர் வழியாக மைக்கிலிருந்து கிளம்பும் குரல் வெளியே வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் முதுகு காட்டி நிற்கும். கேட்கும்போது ஒன்றுக்கு மின்சாரம், பேசும்போது மற்றதற்கு. மின்சாரத்தை மாற்றினால் திசை மாறிவிடும். எல்லாம் சாதாரண டிரான்சிஸ்டர்கள். ஒன்று போனால் சில்லறைக் காசில் அடுத்தது.

கணக்கும் எளிமையானது. ஃபில்டர் 10 மெகாஹெர்ட்ஸ், ஆசிலேட்டர் 4 மெகாஹெர்ட்ஸ், இரண்டையும் கூட்டினால் 14. பத்து மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் மைக்ரோபிராசஸர் போர்டுகளுக்காக வருவது, எங்கும் கிடைக்கும். ஆனால் ஃபில்டருக்கு நான்கு கிரிஸ்டல்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். மேலே 10.000 என்றுதான் அச்சடித்திருக்கும்; ஒரே ஆசிலேட்டரில் ஒவ்வொன்றாகச் செருகி அளந்தால் ஒவ்வொன்றும் சில பத்து, சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். நான் ஒரு கைப்பிடி கிரிஸ்டல் வாங்கி, கடை மேஜையிலேயே சின்ன ஆசிலேட்டரையும் ஃப்ரீக்வென்சி கவுண்டரையும் வைத்துக்கொண்டு பொறுக்குவேன். "எல்லாமே பத்துதானே, இதில் பொறுக்க என்ன இருக்கிறது?" என்றார் கடைக்காரர். கவுண்டரின் கடைசி இலக்கங்களைக் காட்டினேன். அடுத்த முறை போனபோது, வேறொரு ஹாமுக்கு அவரே அதை விளக்கிக்கொண்டிருந்தார்.

2016ல் ஃபர்ஹான் நாற்பது மீட்டருக்கான பிட்எக்ஸ்-40 போர்டைக் கட்டி முடித்த நிலையிலேயே விற்கத் தொடங்கினார். ஆரம்ப விலை 45 டாலர். சுருள்களைக் கையால் சுற்றியது ஐதராபாத்தில் ஒரு பெண்கள் குழு. 2017 டிசம்பரில் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லா பேண்டிலும் ஓடும் மைக்ரோ பிட்எக்ஸ் வந்தது. ஆசிலேட்டர் வேலையை ஒரு ஆர்டுயினோவும் சின்ன சிந்தசைசர் ஐ.சி.யும் எடுத்துக்கொண்டன. அதன் நிரலும் திறந்தே கிடக்கிறது, மாற்றி எழுதலாம். சர்க்யூட் படம் கையில் இருக்கிறது. போர்டில் பாகங்களுக்கு நடுவே தாராளமாக இடம் இருக்கிறது. வாங்கியவர் பிரிக்க வேண்டும், மாற்ற வேண்டும் என்றே செய்த ரேடியோ அது. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் அதைப் பிரித்தார்கள், மாற்றினார்கள். பிறகு அவர் ராஸ்பெரி பை வைத்து எஸ்பிட்எக்ஸ் என்று மென்பொருள் ரேடியோவும் செய்தார். நல்ல கருவிதான். ஆனால் அதற்குப் பின்னாலும் 'டேலைட் அகெய்ன்' என்று முழுக்க முழுக்க அனலாக் ரேடியோ ஒன்றை வடிவமைத்தாரே, அதில்தான் என் மனம் நிற்கிறது.

இப்போது கையில் சால்டரிங் அயர்னை எடுப்போம். பிட்எக்ஸின் கடைசிப் படியில் நிற்பது ஐ.ஆர்.எஃப்.510 என்ற மாஸ்ஃபெட். ரேடியோவுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. பவர் சப்ளைகளில் சுவிட்சாக வேலை செய்யப் பிறந்தது. அதை ரேடியோ ஆம்ப்ளிஃபையராக நடத்துவதில்தான் க்யூ.ஆர்.பி.க்காரனின் கைத்திறன் தெரியும்.

பயாஸ், அதாவது மைக்கில் குரல் இல்லாதபோதும் மாஸ்ஃபெட்டில் கொஞ்சம் மின்னோட்டம் ஓடச் செய்யும் கேட் வோல்டேஜ், வைப்பதைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். முதலில் மாஸ்ஃபெட்டை ஹீட் சிங்கில் பொருத்தும்போது நடுவில் மைக்கா வைக்க வேண்டும், ஏனென்றால் இதன் உலோக முதுகுதான் டிரெயின். மைக்கா இல்லாமல் பெட்டியில் பொருத்தினால் முழு சப்ளையும் ஷார்ட். அடுத்து, ஆன்டெனா இருக்க வேண்டிய இடத்தில் 50 ஓம் டம்மி லோடு. பயாஸ் பிரீசெட்டைக் கடைசிவரை குறைத்து வைத்துவிடுங்கள். டிரெயினுக்குப் போகும் சப்ளையில் தொடராக மல்டிமீட்டர். இப்போது பேசும் பொத்தானை அழுத்துங்கள், ஆனால் மைக்கில் பேசாதீர்கள். பிரீசெட்டை மெல்லத் திருப்புங்கள். மீட்டர் கொஞ்ச நேரம் பூஜ்யத்திலேயே இருக்கும். கேட்டில் மூன்று, நான்கு வோல்ட் வந்ததும் சடாரென்று எழும்பும். அங்கேதான் கை நிதானமாக இருக்க வேண்டும். நூறு மில்லியாம்பியர் பக்கத்தில் நிறுத்துங்கள்.

நிறுத்திவிட்டு உடனே மூடிவிடாதீர்கள். காத்திருங்கள். மாஸ்ஃபெட் சூடாகச் சூடாக அதே கேட் வோல்டேஜில் அதிக மின்னோட்டம் விடும். நூறு நூற்றுப் பத்தாகும், நூற்று இருபதாகும். ஹீட் சிங்க் போதுமான அளவு இருந்தால் ஓரிடத்தில் நின்றுவிடும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஹீட் சிங்க் சிறியது என்று பொருள். மறுபடி சொல்கிறேன்: மைக்கா, டம்மி லோடு, குறைந்த பிரீசெட், பிறகுதான் பொத்தான். இந்த வரிசை மாறக் கூடாது.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது, "சப்ளையை 12 வோல்டிலிருந்து 24க்கு ஏற்றினால் பவர் கூடுமே?" கூடும். வோல்டேஜ் இரட்டித்தால் பவர் ஏறக்குறைய நான்கு மடங்கு. பிட்எக்ஸ்-40ல் அதற்காகவே கடைசிப் படிக்குத் தனி சப்ளை முனை இருக்கிறது. செய்து பாருங்கள், கற்றுக்கொள்ளலாம். ஆனால் நான்கு மடங்கு என்பது 6 டெசிபல், ஒரே ஒரு எஸ். அந்த ஒரு எஸ்ஸுக்காக பாட்டரியையும் ஹீட் சிங்கையும் இரண்டு மடங்காக்குவது எனக்கு உகந்ததில்லை. வேறு சிலர் ஐ.ஆர்.எஃப்.510ஐக் கழற்றிவிட்டு மிட்சுபிஷியின் ஆர்.டி.16 ரக டிரான்சிஸ்டரைப் போடுகிறார்கள். அது ரேடியோவுக்கென்றே செய்யப்பட்டது, முதுகு சோர்ஸ் என்பதால் மைக்காவும் வேண்டாம், 28 மெகாஹெர்ட்ஸிலும் பவர் குறையாது. கால் வரிசை மட்டும் வேறு, பார்த்துப் போட வேண்டும். நல்ல மாற்றம்தான். ஆனாலும் ஒரு டீ, சமோசா விலையில் லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் கிடைக்கிற ஐ.ஆர்.எஃப்.510தான் என் தேர்வு. எரிந்தால் வருத்தமில்லை, எரியும் பயம் இல்லாதவன்தான் தைரியமாகக் கற்றுக்கொள்வான்.

மற்ற மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ரேடியோக்களில் சத்தத்தைத் தானாகச் சமன்படுத்தும் ஏ.ஜி.சி. கிடையாது, பக்கத்து ஊர்க்காரர் கத்தினால் காது அடைத்துவிடும். ஹெட்ஃபோனுக்குக் குறுக்கே 1என்4148 டயோடு இரண்டை எதிரெதிராக வைத்தாலே உச்சம் வெட்டப்பட்டுவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் ஆடியோவிலிருந்து ஏ.ஜி.சி. எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த மாற்றம் செய்தாலும் வெளியே என்ன போகிறது என்று அளக்காமல் ஆன்டெனாவில் மாட்டாதீர்கள். மைக்ரோ பிட்எக்ஸின் ஆரம்பப் பதிப்புகளில் லோ-பாஸ் ஃபில்டரைச் சுற்றியிருந்த ரிலேக்கள் வழியாக ஹார்மானிக்ஸ் கசிந்தன. அளந்து கண்டுபிடித்தவர்கள் ஹாம்களே, ரிலேக்களை மாற்றி வழி சொன்னவர்களும் அவர்களே. பிந்தைய பதிப்பில் வடிவமைப்பே திருத்தப்பட்டது. மூடிய பெட்டியில் இப்படி நடக்குமா?

எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறையைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017ல் கொண்டுவந்தது. பதினைந்து பதினைந்து விநாடியாகக் கணினிகள் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். ஒரு வாட்டில் உலகைச் சுற்றலாம், மறுக்கவில்லை. ஆனால் எதிர்முனையில் இருப்பவருக்கு அன்று ஜலதோஷம் என்பதை அது எனக்குச் சொல்லாது. எனக்குக் குரல் வேண்டும், இல்லையென்றால் கையால் அடித்த மோர்ஸ் வேண்டும்.

ஒரு மாலை இருபது மீட்டரில் சி.க்யூ. என்று, அதாவது யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்று, கூப்பிட்டேன். நாகர்கோவிலிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் பதில் சொன்னார். தில்லியிலிருந்து நேர்க்கோட்டில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ரிப்போர்ட் ஐந்து-ஏழு கொடுத்தார், அதாவது தெளிவு ஐந்துக்கு ஐந்து, பலம் எஸ்-7. "என்ன ரிக், என்ன பவர்?" என்றார். "பிட்எக்ஸ், ஐந்து வாட்" என்றேன். "ஐந்து வாட்டா ஓ.எம்.? கொஞ்சம் இருங்கள்" என்றவர், தன் ரிக்கையும் ஐந்து வாட்டுக்கு இறக்கிவிட்டு மறுபடி வந்தார். மீட்டர் முள் இறங்கியது, பேச்சு அறுபடவில்லை. அங்கே மழை, ஓட்டுக் கூரையில் விழும் சத்தம் மைக்கில் கேட்கிறதா என்று கேட்டார். கேட்டது.

தில்லியில் ஹாமுக்குப் பெரிய எதிரி சத்தம். எல்.இ.டி. பல்புகள், இன்வெர்ட்டர்கள், சார்ஜர்கள், போதாதென்று ரிங் ரயில் போகும்போது ஒரு சடசடப்பு. நாற்பது மீட்டரில் மீட்டர் முள் எஸ்-9ஐ விட்டு இறங்காத மாலைகள் உண்டு. ஆனால் கோடையில் கரண்ட் போகும் பாருங்கள், அப்போது பேண்டைக் கேட்க வேண்டும். சுற்றுவட்டாரம் முழுக்க அணைந்ததும் இரைச்சல் ஒரே நொடியில் விழுந்துவிடும். அதுவரை இல்லாத நிலையங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஐந்து வாட் ரிக்குக்கு யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பாட்டரி ஒரு மாலைக்குத் தாராளம். நூறு வாட் ரிக் பேசும்போது 20 ஆம்பியர் கேட்கும். அந்தச் சின்ன பாட்டரியால் முடியாது. பேண்ட் மிக நன்றாக இருக்கும் அந்த நேரத்தில் பெரிய ரிக்குக்காரர் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருப்பார், நாம் பேசிக்கொண்டிருப்போம்.

சின்ன சக்தியை நம் நாடே வானத்தில் பறக்கவிட்டிருக்கிறது. இஸ்ரோ 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்களுக்கான ஹாம்சாட் செயற்கைக்கோளை ஏவியது. நாற்பது சொச்சம் கிலோ எடை, அதன் டிரான்ஸ்பாண்டர் தந்த சக்தி ஒரு வாட் அளவுதான். 2014 வரை உலகின் ஹாம்கள் அதன் வழியாகப் பேசினார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சரோஜினி நகரின் பழைய பிளாக்குகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருக்கின்றன. நான் கம்பி கட்டிய மாடி இன்று இல்லை. புதிய கட்டடங்களில் குடியேறும் குடும்பங்களில் பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளை யாருக்காவது ஆசை இருந்தால், தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதச் சொல்லுங்கள். ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸே போதும். லைசென்ஸ் வரும்வரை அனுப்பக் கூடாது. குடியிருப்போர் சங்கத்தாருக்கு நான் சொல்வது இதுதான்: அந்தப் பிள்ளை மாடிச் சாவி கேட்டு வந்தால் கொடுங்கள். அதற்குத் தேவை இரண்டு கொக்கிகள், இருபது மீட்டர் கம்பிக்கு இடம். ஐந்து வாட்டால் உங்கள் டிவிக்கு ஒன்றும் ஆகாது. ஏதாவது ஆனால் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையே வந்து ஒரு ஃபில்டர் போட்டுக் கொடுக்கும்.